சிதறாத தோட்டா

அத்தியாயம் பத்தொன்பது

பெனடிக்ற் அலுமாரிக்கு மேலிருந்து துவக்கை இறக்கியதோடு போன கிழமை நிறுத்தியிருந்தேன். அன்றிலிருந்து என்னைத் திட்டாத ஆளில்லை. அந்த மனிசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று மீன் வாங்கப் போன இடத்தில் ஓர் அம்மா என்னை மறித்துக் கேட்டார். நான் என்ன செய்ய? துவக்கை இறக்கியது அவர், நானல்ல.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிப்பு என்கிற கடற்கரை ஊரில் தூண்டில் தொழில் செய்கிற பெனடிக்ற்றுக்கும் மாக்கிறட்டுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிலேந்திரன், இளையவள் அன்ரோனெற். அக்கரைக்குச் சாமான் கடத்துகிற கூட்டத்தோடு மகன் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்த அன்று, கோயில் வாசலில், ஊர்ச்சனத்துக்கு முன்னால் வைத்து, "இனி என்ர படலையைத் தாண்டாதை" என்று தகப்பன் சொல்லிவிட்டார்.

பிலேந்திரன் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டான். இப்போது முள்ளிக்குளத்துக் கரையில் யாரோ ஒருவருடைய மீன்வாடியில் கிடக்கிறான். தகப்பனுடைய சொல்லையும் அவன் தட்டவில்லை. படலையைத் தாண்டுவதில்லை. பின்வேலியில் ஓலைக் கிடுகை விலக்கிக்கொண்டு வருகிறான்.

இது செபமாலை மாதம். பொழுதுபடுகிற நேரம் பெனடிக்ற் கோயிலுக்குப் போய் முன்னின்று செபமாலை சொல்வார். மாக்கிறட்டுக்கு முழங்கால் வருத்தம், முழந்தாளிட ஏலாது என்று ஊரெல்லாம் தெரியும். புருசன் வீட்டை விட்டு இறங்கியதும் அந்த வருத்தம் சுகமாகிவிடும். கிணற்றடியில் மகனை இருத்திச் சோறு போடுவாள். அன்ரோனெற் முன்பக்கம் நின்று ஆள் வருகிறதா என்று பார்ப்பாள். தாயும் மகளும் நல்ல கெட்டிக்காரிகள்தான்.

ஆனால் பெனடிக்ற் பிரிந்து கிடந்த கிடுகைக் கண்டுவிட்டார். பின்பக்கத்தால் கள்ளன் வாறான் என்றார். துவக்கு இறங்கியது அப்படித்தான்.

*

காலையில் முற்றத்தில் சாக்கை விரித்து, துவக்கைப் பிரித்துத் துடைத்தார். மாக்கிறட்டுக்குச் சீதனமாக வந்த வயலில் பன்றி விழாமல் பார்ப்பதற்கென்று வாங்கிய இரட்டைக்குழல் துவக்கு அது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை. பழைய தோட்டாக்களை எடுத்துப் பார்த்தால், உப்புக்காற்றில் காகித உறை ஊதிப்போய், ஒன்றாவது குழலுக்குள் இறங்கவில்லை.

மாக்கிறட் குசினிக்குள் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றி மாதாவிடம் போய்ச் சேர்வதற்குள் மனிசன் வெளிக்கிட்டுவிட்டார். வெள்ளைச் சேட்டைப் போட்டு, துவக்கு லைசென்சை மடித்துப் பைக்குள் வைத்தார். மன்னாருக்குப் போய்ப் புதுத் தோட்டா வாங்கி வருகிறேன் என்றார்.

அவளும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார். முழங்காலுக்கு எண்ணெய் வாங்க என்றாள். இத்தனை நாளாகச் சொன்ன பொய் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

பஸ்ஸில் போகும்போது அவள் மனதுக்குள் ஒரே ஒரு கணக்குத்தான். தோட்டா வாங்குவதை அவளால் தடுக்க முடியாது. தடுத்தால் ஏன் என்று கேட்பார். ஆனால் தோட்டாவில் பெரிசு சிறிசு இருக்கிறது. பன்றிக்குப் போடுகிறதும் காடைக்குப் போடுகிறதும் ஒன்றல்ல. இருக்கிறதிலேயே ஆகச் சின்னதை வாங்க வைத்துவிட்டால், என்னதான் நடந்தாலும் பிள்ளைக்கு உயிராவது மிஞ்சும். பெற்ற தாய் பஸ்ஸில் இருந்துகொண்டு, தன் பிள்ளையைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா நல்லது என்று யோசிக்கிறாள். எழுதும் எனக்கே கை கூசுகிறது.

*

மன்னார்க் கடைத்தெருவில் சனூன் நானாவின் கடை. முன்பக்கம் ஆணி, கயிறு, பெயின்ற். உள்பக்கம் பூட்டுப் போட்ட அலுமாரியில் தோட்டா. முசலிப் பக்கத்து வயற்காரர் எல்லாரும் அவரிடந்தான் வருவார்கள். என்ன மிருகத்துக்கு என்று கேட்காமல் நானா பெட்டியைத் திறப்பதில்லை.

பெனடிக்ற் லைசென்சை நீட்டினார். "ஒற்றைக் குண்டு ரெண்டு தாங்கோ நானா."

சனூன் நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒற்றைக் குண்டு என்றால் தோட்டாவுக்குள் சின்னச் சின்னச் சன்னம் கிடையாது. முழுசாக ஒரே ஓர் ஈயக் குண்டு. யானை, குழுமாடு பயிருக்குள் இறங்குகிற இடத்துக்காரர்தான் அதைக் கேட்பார்கள். அரிப்புக் கடற்கரைக்கு எப்போது யானை வந்தது என்று நானா விசாரித்தார்.

யானை இல்லை, வீட்டுக்குக் கள்ளன் வாறான் என்றார் பெனடிக்ற்.

நானாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பெனடிக்ற்றின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். கிடுகு வேலியும் களிமண் சுவரும் உள்ள இடத்தில் குண்டு நிற்காது. வேலியைத் துளைக்கும், அடுத்த வளவுக்கும் போகும். யாருடைய பிள்ளை எங்கே படுத்திருக்கிறதென்று குண்டுக்குத் தெரியாது. பன்றிக்குப் போடுகிற எஸ்.ஜி.யும் அப்படித்தான். வீட்டுக் காவலுக்குச் சின்னச் சன்னம் நிறைத்த நம்பர்த் தோட்டா போதும்.

"பின்பக்கம் பனங்காணி. அதுக்கங்கால கடல். ஒருத்தரும் இல்லை" என்றார் பெனடிக்ற். இதையெல்லாம் அவர் முன்னமே யோசித்து வைத்திருக்கிறார் என்று மாக்கிறட்டுக்கு விளங்கியது.

ஏன் நம்பர்த் தோட்டா வேண்டாம் என்று நானா கேட்டார். பெனடிக்ற் சுருக்கமாகச் சொன்னார்: "அது சிதறும். எனக்குச் சிதறாதது வேணும்."

மாக்கிறட்டால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நானா சொல்வதுதான் சரி, பக்கத்து வீட்டில் குஞ்சு குருமன் ஓடித் திரிகிறது, சின்னதே போதும் என்று இடையில் புகுந்தாள். என்னென்ன நம்பர் இருக்கிறது என்று கேட்டாள். நாலு, ஆறு, எட்டு இருக்கிறது என்றார் நானா.

"அப்ப நாலைத் தாங்கோ நானா. நாலே காணும்."

பெனடிக்ற் திரும்பி மனிசியை ஒரு மாதிரிப் பார்த்தார். சனூன் நானா தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, சின்னது வேணுமெண்டு சொல்லிப்போட்டு இருக்கிறதில பெரிசைக் கேக்கிறியளே."

இந்தப் பிழையை மாக்கிறட் மட்டுந்தான் விடுவாள். அவள் பிறந்தது வலைக்காரர் வீட்டில். சின்ன வயதிலிருந்து கிழிந்த வலை பொத்தியவள். வலை நூலில் நம்பர் ஏற ஏற நூல் மொத்தமாகும். நாலு மெல்லிசு, எட்டு மொத்தம், அவளுக்கு அதுதான் உலகம். பெனடிக்ற் தூண்டில்காரர். தூண்டில் முள்ளில் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். தோட்டாவும் தூண்டில்காரரின் கட்சி. கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் நம்பர்க் கணக்கில் ஒத்துப்போனதில்லை, கடைத்தெருவிலும் அப்படியே ஆயிற்று.

இன்னும் கொஞ்சத்தில் தன் கையாலேயே பெரியதை வாங்கிக் கொடுத்திருப்பாள். அவசரமாக, அப்படியென்றால் எட்டைத் தாங்கோ என்றாள்.

நானா எட்டாம் நம்பரில் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எங்கிருந்து எங்கே சுடப்போகிறீர்கள் என்று கேட்டார். குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்கு என்றார் பெனடிக்ற்.

நானா உதட்டைப் பிதுக்கினார். "குசினியில இருந்து கிணத்தடிக்கோ? அவ்வளவு கிட்டத்தில நம்பர் பாத்துப் பிரயோசனமில்லை, தங்கச்சி. தூரப் போனாத்தான் சன்னம் பிரிஞ்சு பலம் குறையும். கிட்டத்தில எட்டாம் நம்பரும் ஆளைக் கொல்லும். துவக்கை எடுத்தா ஆள் சாகலாம் எண்டு நினைச்சுத்தான் எடுக்கவேணும். அல்லாட காவல், நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ."

மாக்கிறட் பஸ்ஸில் வரும்போது போட்ட கணக்கு ஒரு நொடியில் அழிந்துபோயிற்று. நம்பரால் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் மட்டுந்தான் முடியும்.

பெனடிக்ற் ஒற்றைக் குண்டு இரண்டு வாங்கினார். மனிசியின் முகம் வாடிப்போயிருப்பதைக் கண்டு, எட்டாம் நம்பரிலும் இரண்டு போடச் சொன்னார். அவளுக்கு அதனால் ஒரு சந்தோசமும் வரவில்லை. முழங்கால் எண்ணெயை இருவருமே மறந்துபோனார்கள்.

*

சொல்வதென்றால் பஸ்ஸில் வைத்தே சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு பண்ணினாள். வீட்டில் சொன்னால் மனிசன் சத்தம் போடும். பஸ்ஸில் ஊர் ஆட்கள் இருப்பார்கள். கோயில் மூப்பர், செபமாலை சொல்லுகிற வாய், பஸ்ஸில் கத்தமாட்டார்.

பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. பெனடிக்ற் தோட்டாப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன் இருக்கையில், கோயிலில் அவருக்குத் துணையாகச் செபமாலை சொல்லும் யாகப்பர் வாயைத் திறந்தபடி நித்திரை.

"இஞ்சருங்கோப்பா" என்றாள். "ஒண்டு சொல்லுவன். நீங்கள் என்னை அடிச்சாலும் பரவாயில்லை."

அவர் திரும்பவில்லை.

"வேலியால வாறது கள்ளன் இல்லை. அது பிலேந்திரன். நான்தான் அவனுக்குச் சோறு போடுறனான். நீங்கள் சுடுறதெண்டா முதல் என்னைச் சுடுங்கோ."

சொல்லி முடித்ததும் கண்ணீர் தானாக வந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பட்டினி போட என்னால் ஏலாது, உங்களுக்கு ஏலுமென்றால் நீங்கள் பெரிய மனிசன், எனக்கு ஏலாது என்று அழுகைக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

பெனடிக்ற் தண்ணீரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தெரியும்" என்றார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

அவர் மெல்லிய குரலில், யாகப்பருக்குக் கேட்காமல், எல்லாவற்றையும் சொன்னார். மாதம் தொடங்கிய புதிதில் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். பனங்காணிக்குள்ளால் குறுக்கே வந்தவர், கிணற்றடியில் பிலேந்திரன் இருந்து சாப்பிடுவதையும், அவள் மீனில் முள் எடுத்து எடுத்துத் தட்டில் வைப்பதையும் கண்டிருக்கிறார். கண்டுவிட்டு, வந்த வழியே கோயிலுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அன்றைக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே பிரார்த்தனையை வாசித்தாராம்.

"அண்டையில இருந்து செபமாலையை நீட்டிச் சொல்லுறன். அந்தப் புனிதர், இந்தப் புனிதர் எண்டு எல்லாரையும் கூப்பிடுறன். சனம் முழங்கால் நோகுதெண்டு என்னைப் பேசுது. பேசட்டும். பெடியன் ஆறுதலாச் சாப்பிடவேணும்."

மாக்கிறட் அவருடைய கையைப் பிடித்தாள். கலியாணமாகி இத்தனை வருசத்தில் ஊர் பார்க்க அவள் அவர் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அவர் கையை இழுக்கவில்லை.

பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படாமல் என்ன செய்வாள்? தெரிந்துகொண்டே எதற்கு இந்தத் துவக்கு, எதற்கு யானைக் குண்டு, என்னை ஏன் இப்படி வதைத்தீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவனுக்குப் பின்னால ஒருத்தன் வாறான், மாக்கிறட்."

அவருடைய குரல் மாறியிருந்தது. பிறகும் இரண்டு தடவை, செபமாலை தொடங்க முன்னம், பனங்காணிக்குள் வந்து நின்று பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் வேலிக்கு வெளியே, பிலேந்திரன் விலக்கிய அதே கிடுகுக்குப் பக்கத்தில், ஒருவன் பதுங்கி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தானாம். முகம் தெரியவில்லை. கையில் என்னவோ வைத்திருந்தான். கடத்தல்காரக் கூட்டம் விட்டுப் போனவனைச் சும்மா விடாது என்று ஊருக்கே தெரியும்.

"பெடியன் இருந்து சாப்பிடுவான். மற்றவன் பின்னால நிப்பான். சிதறுற தோட்டா போட்டா எங்கட பிள்ளைக்கும் படும். அதுதான் ஒற்றைக் குண்டு கேட்டனான்."

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவள் கேட்கவும் தேவைப்படவில்லை. அவரே சொன்னார். சொன்னால் நீ பயந்து, மகனை இனி வரவேண்டாம் என்று தடுத்துவிடுவாய், பிறகு அவன் எங்கே போய்ச் சாப்பிடுவான் என்றார்.

பாவம், நான் அந்த மனிசனைப் பற்றிப் போன கிழமை எழுதியதெல்லாம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாக்கிறட் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டாள். யாகப்பர் அந்த நேரம் பார்த்து முழித்து, இந்த வயதிலா என்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார்.

*

வீட்டுக்கு வந்ததும் பெனடிக்ற் ஒரு முடிவோடு இருந்தார். இன்றைக்குச் செபமாலையை யாகப்பர் சொல்லட்டும் என்று பஸ்ஸால் இறங்கும்போதே சொல்லிவிட்டார். முழங்கால் சுகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாக்கிறட் கோயிலுக்குப் போகவேண்டும். வீட்டில் அவர் நிற்பார்.

"பிள்ளை உங்களைக் கண்டா ஓடிப்போவான்" என்றாள்.

"ஓடமாட்டான். இண்டைக்கு அவனுக்குச் சோறு நான் போடுறன்."

அப்படிச் சொன்னாரே தவிர, குசினிக்குள் போனால் எந்தப் பானையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு சோறு போடுகிறது, சொதியை முதலில் விடுகிறதா பிறகா, பெடியன் இன்னும் மீன் தலை தின்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாக்கிறட் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். விளைமீன் பொரியலை ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள். அவர் தட்டைத் தூக்கிப் பார்த்து, இன்னொரு துண்டு வை என்றார்.

பிறகு துவக்கை எடுத்துக் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். பொட்டலத்தைப் பிரித்து ஒற்றைக் குண்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

அன்ரோனெற் அதுவரைக்கும் ஒரு மூலையில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு எல்லாம் தெரியும் என்றதும் முதலில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் இனி முன்பக்கத்தால் வருவான் என்று தாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். அதற்குப் பிறகுதான் பெனடிக்ற் அந்த மற்றவனைப் பற்றிச் சொன்னார். வேலிக்கு வெளியே ஒருவன் நிற்கிறான், கையில் என்னவோ வைத்திருக்கிறான், இன்றைக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டான் என்றார்.

அவர் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கோயில் மணி அடித்தது. மாக்கிறட் முக்காட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். இன்றைக்குத்தான் உண்மையாகச் செபிக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளை சுகமாகச் சாப்பிடட்டும், தகப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசட்டும், வேலிக்கு வெளியே நிற்கிறவன் இன்றைக்கு வராமல் போகட்டும்.

அவள் படலையில் கை வைத்தபோது, உள்ளே மகளுடைய குரல் கேட்டது. மெல்லிய குரல்தான். ஆனால் மாக்கிறட்டின் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, வேலிக்கு வெளியில நிக்கிறவனை ஆரெண்டு கேக்காமச் சுடமாட்டியள்தானே?"

பெனடிக்ற் கையில் தோட்டாவோடு மகளைப் பார்த்தார். அன்ரோனெற் தகப்பனைப் பார்க்கவில்லை. கிணற்றடிக்கு அப்பால், பிரிந்து கிடந்த அந்தக் கிடுகைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய கன்னத்தால் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றியே நினைத்துத் திரிந்த மாக்கிறட், படலையை விட்டுவிட்டு மற்றப் பிள்ளையிடம் திரும்பி ஓடினாள்.